குதிரை ஷாம்புவை நாய்க்குப் போடுகிறவர்கள் செய்யும் தவறுகள்

என்னிடம் தொழில் பழக வந்திருக்கும் பையன் போன வாரம் ஒரு ஸ்ப்ரே பாட்டிலைக் குலுக்கிக்கொண்டே நாயின் அருகில் போனான். உள்ளே கலங்கிய இளஞ்சிவப்புத் தண்ணீர். "எப்போது கலக்கியது?" என்று கேட்டேன். "போன வாரம்தான் அண்ணா, வீணாகிவிடக்கூடாது என்று எடுத்து வைத்தேன்" என்றான். மூடியைத் திருகிக் கழுத்துப் பகுதியில் விரலை விட்டேன். வழவழவென்று வந்தது. அந்த வழவழப்பை எனக்கு நன்றாகத் தெரியும். பிறகு வருகிறேன் அதற்கு.

நான் குதிரை லாயத்தில் வேலை பார்த்துவிட்டு நாய்களைக் குளிப்பாட்டும் தொழிலுக்கு வந்தவன். அதனாலேயே எல்லோரும் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: குதிரை ஷாம்பு நாய்க்கு ஆகுமா? மருந்தோ பூச்சிக்கொல்லியோ கலக்காத சாதாரண ஷாம்பு என்றால், அளவாகத் தண்ணீர் கலந்து, நன்றாக அலசிவிட்டால், தோல் நலமாக இருக்கும் நாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. நாயின் தோல், குதிரையின் தோல் இரண்டின் பி.எச். அளவும் ஏறக்குறைய 7-ஐ ஒட்டியே இருக்கும். மனிதத் தோல்தான் 5-ஐ ஒட்டிய அமிலத் தன்மை கொண்டது. ஆகவே "என் ஷாம்புவையே போட்டுவிடுகிறேன், அதுதான் மென்மையானது" என்பவர்கள்தான் உண்மையில் விலகிப் போகிறார்கள்.

ஆனால் தேவை வேறு. குதிரைக்கு உடம்பு முழுவதும் வியர்க்கும். அந்த வியர்வையில் லேதரின் என்ற புரதம் இருப்பதால் சேணம் உரசும் இடத்தில் சோப்புப் போட்டதுபோல் நுரைத்துக் கிடக்கும். உப்பையும் நுரையையும் அழுக்கையும் அறுத்தெடுக்கவே அந்த ஷாம்பு. நாய்க்கு உள்ளங்காலில்தான் சொல்லிக்கொள்ளும்படி வியர்க்கும். அதன் ரோமத்தில் இருப்பது தோல் சுரக்கும் எண்ணெய், அதுவும் வேண்டிய எண்ணெய். வாரம் தவறாமல் குதிரை ஷாம்பு போட்டால் அந்த எண்ணெய் போய்த் தோல் வறண்டு பொடுகு உதிரும்.

கண்ணில் படக்கூடாது, காதில் தண்ணீர் இறங்கக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விட்டுவிடுகிறேன்.

லேபிளின் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்வது

"குதிரை ஷாம்பு" என்பது ஒரே பொருளின் பெயர் அல்ல. வெறும் அழுக்கு நீக்குவது ஒன்று, ஈ அண்டாமலிருக்கப் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி சேர்த்தது ஒன்று, டீ ட்ரீ எண்ணெய் சேர்த்தது ஒன்று, வெள்ளைக் குதிரையின் மஞ்சள் கறையை மறைக்க ஊதாச் சாயம் கலந்தது இன்னொன்று. படம் எல்லாவற்றிலும் ஒன்றுதான்: பிடரி பறக்க ஓடும் குதிரை. பின்பக்கத்தைப் படியுங்கள். குதிரை தன் உடம்பை நக்கித் துடைத்துக்கொள்ளும் பிராணி அல்ல. நாய் குளித்து வந்த கையோடு முன்னங்காலிலிருந்து நக்கத் தொடங்கிவிடும். ரோமத்தில் எது தங்கினாலும் அது வயிற்றுக்குப் போகும். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு நஞ்சு. அதிக அளவில் பட்டால் தள்ளாட்டம், நடுக்கம் வரை கொண்டுபோகும்.

வீட்டில் பூனையும் இருந்தால்

பெர்மெத்ரின் உள்ள எதையும் நாய்க்குப் போடாதீர்கள். பூனையின் கல்லீரலால் அதைச் சமாளிக்க முடியாது. ஈர நாயோடு ஒட்டிப் படுத்தாலே ஆபத்து.

மிச்சத்தை எடுத்து வைப்பது

குதிரை ஷாம்பு பெரும்பாலும் பெரிய கேனில், அடர்த்தியாக வரும். நான் வைத்திருந்ததில் 1 பங்குக்கு 10 பங்கு தண்ணீர் என்று போட்டிருந்தது. லாயத்தில் ஒரு வாளி கலக்கினால் ஒரு குதிரைக்கே சரியாகிவிடும். மிச்சம் என்ற பேச்சே இருக்காது. நாய்களுக்கு வந்தபோது அதே கைப்பழக்கத்தில் ஒரு வாளி கலக்கினேன். பாதிக்கு மேல் மீந்தது. கொட்ட மனம் வராமல் பாட்டில்களில் நிரப்பி வைத்தேன். தீர்ந்து வரும்போது அதன் மேலேயே புதுக் கரைசலை ஊற்றினேன். சிக்கனம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டதும் உண்டு.

ஒரு ஜெர்மன் ஷெப்பர்டைக் குளிப்பாட்டி அனுப்பிய இரண்டாம் நாள் உரிமையாளர் அழைத்தார். நாய் சாப்பிடவில்லை, உடம்பு சுடுகிறது, முதுகைத் தொட்டால் அலறுகிறது. "மேசையிலிருந்து கீழே போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்று சத்தியம் செய்யாத குறை. தோலில் அப்போது ஒன்றுமே தெரியவில்லை. மறுநாள் முதுகெலும்பை ஒட்டிக் கொப்புளங்கள் வெடித்து, ரத்தமும் சீழுமாக ரோமம் ஒட்டிக்கொண்டது.

கால்நடை மருத்துவர் என்ன ஷாம்பு என்று கேட்கவில்லை. "எத்தனை நாள் முன்பு குளிப்பாட்டினீர்கள், எந்தப் பாட்டிலிலிருந்து எடுத்தீர்கள்?" என்றுதான் கேட்டார். சீழைச் சோதித்ததில் சூடோமோனாஸ் கிருமி. ஷாம்புவில் கிருமி வளராமல் காக்கும் பொருள் அதன் முழு அடர்த்திக்குக் கணக்கிட்டுச் சேர்க்கப்பட்டது. பத்து மடங்கு தண்ணீர் ஊற்றினால் அந்தக் காவலும் அத்தனை மடங்கு நீர்த்துப்போகும். தண்ணீரிலும் ஈரக் குழாயிலும் வாழும் சூடோமோனாஸுக்கு அந்தப் பாட்டில் குடியிருப்பு மாதிரி. நான் அதைப் பீய்ச்சி, ரோமத்தின் போக்குக்கு எதிராக முதுகில் தேய்த்து, மயிர்க்கால்களுக்குள் நானே இறக்கியிருக்கிறேன். மயிர்க்கால் உள்ளே வெடித்தால் வலி அப்படித்தான் இருக்கும். வாரக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டியிருந்தது. செலவு முழுவதும் என்னுடையது. அந்த உரிமையாளர் திரும்ப வரவே இல்லை.

இன்றும் எரிச்சலூட்டுவது அதற்குப் பிறகு நான் செய்தது. குதிரை ஷாம்புதான் காரணம் என்று முடிவு கட்டி, பார்க்கிறவர்களிடமெல்லாம் அதைத் திட்டினேன். நாய்க்கென்றே செய்த அடர்ஷாம்பு வாங்கினேன். வாங்கி, கலக்கி, மிச்சத்தை அதே பாட்டில்களில் எடுத்து வைத்தேன்! மருத்துவர் சொன்னது காதில் விழுந்திருக்கிறது, மண்டையில் ஏறவில்லை. குதிரைப் படமா நாய்ப் படமா என்று பாட்டிலுக்குள் இருக்கும் கிருமி பார்ப்பதில்லை.

இப்போது அந்தந்த நாய்க்கு அந்தந்த நேரத்தில் கலக்குகிறேன். மீந்தால் வடிகாலுக்குத்தான். பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே மறுபடி தொடுவேன். குளித்த ஓரிரு நாளில் நாய் சோர்ந்து, முதுகைத் தொடவிடாமல் இருந்தால் புண் வெளியே தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். மருத்துவரிடம் போய் முதல் வாக்கியத்திலேயே குளிப்பாட்டிய நாளைச் சொல்லுங்கள். சுத்தம் செய்கிறேன் என்று வீட்டில் மறுபடி தேய்க்காதீர்கள்.

கேனிலிருந்து நேராக முதுகில் ஊற்றுவது

ஊற்றிய இடத்திலேயே கோடாகத் தங்கும். அடர்ந்த உள்மயிர் உள்ள நாய்களில் எவ்வளவு அலசினாலும் வேரடியில் மிச்சம் நிற்கும், இரண்டு நாளில் அங்கேயே சொறியும். முதலில் நீர்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் தெளிவாக வந்த பிறகும், அலச எடுத்துக்கொண்ட அதே நேரம் இன்னொரு முறை அலசுங்கள். அக்குளையும் தொடையிடுக்கையும் விட்டுவிடாதவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

குதிரைக்கான பளபளப்பு ஸ்ப்ரே

அது சிலிகோன். லாயத்தில் சேணம் வைக்கும் இடத்தில் அதை அடிக்க விடமாட்டார்கள், சேணம் வழுக்கும் என்பதால். தரையில் சிந்தினால் நாயும் வழுக்கும், நீங்களும் வழுக்குவீர்கள். நான் வழுக்கியிருக்கிறேன்.

சொறிகிற நாயைக் குளிப்பாட்டியே குணமாக்கப் பார்ப்பது

உண்ணியா, பூஞ்சையா, ஒவ்வாமையா என்று தெரியாமல் எந்த ஷாம்புவும் வேண்டாம்.

குட்டிகளுக்கு

கூடாது.

பையனின் பாட்டிலைக் கொட்டச் சொன்னேன். அப்படியே கேனையும் தூக்கிப் போடப் போனான். தடுத்து, திறந்த தேதியை அதன் மேல் பேனாவால் எழுதி அலமாரியில் வைத்தேன். அந்த ஷாம்புவில் ஒரு குறையும் இல்லை.