மழை விட்ட பிறகும் டிவி வரவில்லையா? டிஷ் கேபிள் இழுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மழை கொட்டும்போது டிவி படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றுபோவது சகஜம். டிஷ்ஷுக்கு வரும் சிக்னலைப் பெருமழையே தடுத்துவிடும், மழை விட்டதும் தானாக வந்துவிடும். ஆனால் மறுநாள் நல்ல வெயில் அடித்தும் படம் வரவில்லை என்றால் மேகத்தைக் குறை சொல்லாதீர்கள், மொட்டை மாடியிலிருந்து சுவரோரமாக இறங்கும் கேபிளைப் போய்ப் பாருங்கள்.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் சித்தப்பா வீட்டில் போன ஐப்பசியில் இதுதான் நடந்தது. செட் டாப் பாக்ஸை மாற்றிப் பார்த்தாகிவிட்டது, டிஷ்ஷைத் திருப்பிப் பார்த்தாகிவிட்டது, ஒன்றும் சரியாகவில்லை. கடைசியில் பாக்ஸின் பின்னால் இருந்த கனெக்டரைக் கழற்றினேன், உள்ளேயிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தது! மேலே டிஷ் பக்கத்து கனெக்டரைச் சும்மா திருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த வழியாக இறங்கிய மழைநீர் கேபிளுக்குள்ளேயே மூன்று மாடி இறங்கி ஹால் வரை வந்திருக்கிறது. தோலைச் சீவிப் பார்த்தால் பளபளவென்று இருக்க வேண்டிய அலுமினிய வலை வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. அந்தக் கேபிளைக் காயவைத்துப் பயனில்லை, முழுவதையும் மாற்றத்தான் வேண்டும்.

அதனால் முதல் தவறு கனெக்டரில்தான் தொடங்குகிறது. கையால் திருகிச் செருகும் மலிவு கனெக்டர் வெளியே வேண்டவே வேண்டாம், கருவி வைத்து அழுத்திப் பொருத்தும் கம்ப்ரெஷன் வகை வாங்குங்கள், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டின் எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கருவியும் சேர்த்தே கிடைக்கும். மேலே சாதாரண இன்சுலேஷன் டேப் சுற்றினால் நம் வெயிலில் பசை இளகிச் சீக்கிரமே பிரிந்துவிடும். இழுத்துச் சுற்றினால் தன்மேல் தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்தான் தாங்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர் மாதிரி கடலோரத்தில் உப்புக் காற்று வேறு, அங்கே இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. அப்புறம், கேபிளைச் சீவும்போது வலையின் ஒரே ஒரு இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட் ஆகிவிடும், ஏனென்றால் டிஷ்ஷின் முனையில் சிக்னலை வாங்கி அனுப்பும் எல்என்பி என்ற கருவிக்கு 13 அல்லது 18 வோல்ட் இந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது. பாக்ஸின் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள்.

சுவருக்குப் பொருத்தமாக இருக்கிறதே என்று வெள்ளைக் கேபிளை வெளியே இழுப்பது இன்னொரு தவறு. வீட்டுக்குள் போடும் பிவிசி தோல் வெயிலில் வெடிக்கும், வெளியே போடுவதற்கென்று வரும் கறுப்புத் தோல் ஆர்ஜி6 கேபிளைக் கேட்டு வாங்குங்கள். நீளம் போதவில்லை என்று நடுவில் ஜாயின்ட் போடாதீர்கள், ஒரே துண்டாக இழுங்கள்.

சன்ஷேடு மூலையில் கேபிளைச் சப்பென்று மடித்து ஆணி கிளிப்பை ஓங்கி அடிப்பார்கள், அதையும் அனுமதிக்காதீர்கள். உள்ளே இருக்கும் நுரை நசுங்கினால் அந்த இடத்தில் மட்டும் கேபிளுக்கு இருக்க வேண்டிய 75 ஓம் மின்மறிப்பு (impedance) மாறி, சிக்னலில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். சுமார் 7 மில்லிமீட்டர் தடிமனான கேபிள் இது, வளைவின் ஆரம் அதைப்போல் பத்து மடங்கு, அதாவது 7 சென்டிமீட்டராவது இருக்கட்டும். கிளிப் கேபிளைப் பிடித்தால் போதும், கடிக்கக் கூடாது.

வீட்டுக்குள் நுழையும் துளையை நேராகவோ உள்பக்கம் சரியும்படியோ போட்டால் மழைநீர் அப்படியே ஹால் சுவருக்குள் வரும். உள்ளிருந்து வெளியே சற்றுச் சரிவாகத் துளையிடுங்கள். கேபிள் துளைக்குக் கீழே ஒரு ஜாண் தொங்கி, பிறகு மேலேறி நுழைய வேண்டும், தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியிலேயே சொட்டிவிடும். துளையை அடைக்கச் சிலிக்கோன் பசை பூசுவதெல்லாம் இதைச் செய்த பிறகு.

இபி ஒயர் போகும் கம்பியில் இந்தக் கேபிளைக் கட்டுவதைப் பல தெருக்களில் பார்க்கிறேன், தயவுசெய்து செய்யாதீர்கள், ஒயர் தோல் உரிந்தால் டிவி மட்டுமல்ல, அதைத் தொடும் ஆளும் போய்விடுவார். டிஷ் கம்பத்தையும் கேபிளின் வலையையும் வீட்டு எர்த்தோடு சேர்க்க ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், இடி மின்னல் நெருங்குவதற்கு முன்பே பிளக்கோடு கேபிளையும் பாக்ஸிலிருந்து கழற்றி வையுங்கள். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும், மாடி ஏறி கனெக்டரைப் பார்க்க புரட்டாசி வெயிலே நல்ல நேரம்.