வீட்டுக்கே போய் ஆக்குபேஷனல் தெரபி: புதிதாக இறங்குபவர்களுக்கு

குளிப்பது, உடுத்துவது, சாப்பிடுவது போன்ற அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்யப் பழக்குவதுதான் ஆக்குபேஷனல் தெரபி. ஆஸ்பத்திரியில் எல்லாம் உங்கள் வசதிக்கு இருக்கும். மேசை சரியான உயரத்தில் இருக்கும், தரை காய்ந்திருக்கும், சொந்தக்காரர்கள் வெளியே நிற்பார்கள். வீட்டில் நீங்கள்தான் விருந்தாளி. செருப்பைக் கழற்றி, கொடுக்கிற காபியைக் குடித்துவிட்டுத்தான் வேலை. அது வீண் நேரமில்லை. வீட்டில் முடிவெடுப்பது யார், நோயாளியிடம் கேட்ட கேள்விக்கு யார் முந்திக்கொண்டு பதில் சொல்கிறார் என்பதெல்லாம் அப்போதே தெரிந்துவிடும்.

நான் அதிகம் பார்ப்பது பக்கவாதம் வந்தவர்களை, அதனால் அதை வைத்தே சொல்கிறேன்.

முதல் நாளே கையைப் பிடித்துப் பயிற்சி ஆரம்பிக்காதீர்கள். காலையில் எழுந்ததிலிருந்து என்னென்ன செய்கிறார் என்று கேளுங்கள், அதில் ஒன்றிரண்டைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். "எல்லாம் அவரே பண்ணிக்குவாரு" என்பார் மனைவி, ஆனால் சட்டையைக் கொடுத்துப் பார்த்தால் பொத்தான் வரைக்கும் அந்த அம்மாதான் மாட்டிவிடுவார். அன்றாட வேலைகளை எவ்வளவு தூரம் தானே செய்கிறார் என்று மதிப்பெண் போடும் பார்தெல் இன்டெக்ஸ் போடுங்கள், வேண்டியதுதான். ஆனால் அதன் 10 கேள்வியில் டீக்கடை வரை போய்ப் பேப்பர் படிக்கும் ஆசைக்கு இடமில்லை, உங்கள் ரெக்கார்டில் முதல் வரியாக வரவேண்டியது அதுதான்.

அடுத்து பாத்ரூம். இன்ச் டேப் இல்லாமல் போகவே போகாதீர்கள். கதவு அகலம், கதவு உள்பக்கம் திறக்கிறதா, வாசலில் தடுப்புக்கட்டு எவ்வளவு உயரம், குழாய் எந்தப் பக்கம், எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அவர் குளிக்கிற நேரத்துக்கே போங்கள், பதினொரு மணிக்குக் காய்ந்துகிடக்கும் தரையைப் பார்த்து ஒன்றும் தெரியாது. கைப்பிடியை நல்ல கை எட்டும் பக்கம் வையுங்கள். துண்டு போடுகிற கம்பியைப் பிடித்து எழுந்தால் ஒருநாள் சுவரோடு வந்துவிடும் என்று வீட்டாரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் ஓட்டை போட்டுக் கமோடாக வைத்திருப்பார்கள், வெட்டிய இடத்தில் அது விரிசல் விடும். உள்ளூர் வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் ஒரு கமோடு நாற்காலி அடித்துக்கொடுப்பார்கள், உயரத்தை மட்டும் நீங்கள் அளந்து கொடுங்கள்: பாதம் முழுதும் தரையில் பதிய வேண்டும்.

சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சாய்தளம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். ஒன்றரை அடித் திண்ணை என்றால் 18 அடி, அது தெருவிலேயே போய் நிற்கும். நடக்கிறவராக இருந்தால் நடுவில் ஒரு படி சேர்த்து, பக்கத்தில் கம்பி போடுவதே போதும்.

உடுத்துவதில் ஒரே விதி: போடும்போது பாதித்த கை முதலில், கழற்றும்போது கடைசியில். ஒற்றைக் கையால் வேட்டி கட்டுவது பெரும்பாடு, எலாஸ்டிக் வைத்ததற்கு மாறச் சொன்னால் சில பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். வற்புறுத்தாதீர்கள், ஒட்டிக்கோ வேட்டி இருக்கிறது. சாப்பாடு இன்னும் சங்கடம். வலது கை விழுந்தவரை நாலு பேர் முன்னால் இடது கையால் சாப்பிடச் சொன்னால் பட்டினி கிடந்தாலும் கிடப்பார். கரண்டி கொடுங்கள், பிடியில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றித் தடிமனாக்குங்கள், தட்டுக்கு அடியில் ஈரத்துணி போட்டால் நகராது. சமைக்க விரும்பும் அம்மாவுக்கு, பலகையில் இரண்டு துருப்பிடிக்காத ஆணி அடித்துக் கொடுத்தால் காயைக் குத்திவைத்து ஒரே கையால் நறுக்கலாம்.

கவனித்துக்கொள்கிறவருக்கும் நேரம் ஒதுக்குங்கள். பாதித்த கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கைவிட்டுத் தூக்காதீர்கள் என்பதை வாயால் சொன்னால் மறந்துவிடுவார்கள். உங்களையே தூக்கச் சொல்லிப் பழக்குங்கள். அவருடைய இடுப்புவலியையும் விசாரியுங்கள்.

தமிழ்நாடு அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள், அந்தத் தன்னார்வலரின் நம்பர் உங்களிடம் இருக்கட்டும். யார் வீட்டில் யார் படுத்திருக்கிறார் என்று அவருக்குத்தான் தெரியும். ஊனம் 40 சதவீதத்துக்கு மேல் இருக்கும் என்று தோன்றினால் யூ.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள், ஊனத்தை மதிப்பிடும் மெடிக்கல் போர்டுக்கு அழைத்துப்போக ஆள் இருக்கிறதா என்றும் சேர்த்தே கேளுங்கள்.

அப்புறம், கொடுத்த பொருளை ஒரு மாதம் கழித்துப் போய்ப் பாருங்கள். வாக்கரில் துணி காய்ந்தால் திட்டாதீர்கள். உயரம் சரியில்லையா, வாசலில் நுழையவில்லையா, வெட்கமா என்று விசாரியுங்கள். தேவையே இல்லையென்றால் கேட்டு வாங்கி அடுத்த வீட்டுக்குக் கொடுங்கள்.