நெடுநாள் உழைக்கும் பிக்கப் இன்ஜினைப் பார்த்து எடுப்பது எப்படி?

நான் பெங்களூரு பொம்மனஹள்ளியில் இருக்கிறேன். ராயக்கோட்டையிலிருந்து கலாசிபாளையம் மார்க்கெட்டுக்குத் தக்காளி ஏற்றுவதுதான் 16 வருஷமாக என் தொழில். புதிதாக வண்டி எடுக்கும் பசங்க என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எது மைலேஜ் தரும்?" நான் திருப்பிக் கேட்பது, "தினமும் எத்தனை கிலோ ஏற்றுவாய்?"

இன்ஜினின் ஆயுள் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. 25 கிலோ பெட்டி (கிரேட்) 60 ஏற்றினால் ஒன்றரை டன். அந்த பாரத்தைச் சின்ன இன்ஜினும் இழுக்கும்தான், ஆனால் நாள் முழுக்க மூச்சு வாங்கிக்கொண்டு இழுக்கும். மணிக்கு 60-ல் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம். அப்போது ஆர்பிஎம் முள், அதாவது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டும் முள், 2000-ல் நின்றால், இரண்டு லட்சம் கிலோமீட்டரில் கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) 40 கோடி சுற்று சுற்றியிருக்கும். 3000-ல் நின்றால் 60 கோடி. பிஸ்டன் ரிங்கும் சிலிண்டர் லைனரும் பேரிங்கும் தேய்வது இந்தச் சுற்றுகளில்தான். அதனால் எத்தனை குதிரைத்திறன் என்று பார்க்காதீர்கள். குறைந்த ஆர்பிஎம்மிலேயே டார்க், அதாவது இழுவை, கிடைக்கிறதா என்று பாருங்கள்.

மஹிந்திரா பொலிரோ பிக்கப்பில் 2523 சிசி, நான்கு சிலிண்டர். நம்ம ஓசூரில் தயாராகும் அசோக் லேலண்ட் தோஸ்தில் 1.5 லிட்டர், மூன்று சிலிண்டர். டாடா ஏஸ் கோல்டு டீசலில் 702 சிசி, இரண்டு சிலிண்டர். மூன்றும் வேறு வேறு வேலைக்குச் செய்தவை. ஊருக்குள் 600 கிலோ தண்ணீர் கேன் போடுகிறவருக்கு 2.5 லிட்டர் வீண் செலவு. ஒன்றரை டன்னோடு ஹைவே ஓடுகிறவர் சின்ன இன்ஜின் எடுத்தால், மிச்சம் பிடித்த காசெல்லாம் மெக்கானிக்குக்குப் போய்விடும். டெஸ்ட் டிரைவை லோடோடு கேளுங்கள். எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது கியரை இறக்காமல் இழுக்கிறதா என்று கவனியுங்கள். காலி வண்டி எல்லாமே நன்றாகத்தான் ஓடும்.

அடுத்தது ஸ்பேர். வண்டிக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் ஒரு நோட்டோடு, ஸ்பேர் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோடு போய்விட்டு வாருங்கள். இன்ஜெக்டர், டர்போ, வாட்டர் பம்ப், ஹெட் கேஸ்கெட் (இன்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் சீல்), கிளட்ச் செட் ஐந்துக்கும் மூன்று கடைகளில் விலை கேளுங்கள். "கையில் இருக்கு" என்று சொல்கிறார்களா, "ஆர்டர் போட்டால் வரும்" என்கிறார்களா என்பதை விலையைவிட முக்கியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். தக்காளி நாலு நாள் காத்திருக்காது. உங்கள் ரூட்டில் அந்த இன்ஜினைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்பதையும் அப்போதே விசாரித்துவிடுங்கள்.

இனி பழைய வண்டி. இதில்தான் நான் அடிபட்டேன். 2012-ல் ஒரு புரோக்கர் காலை பத்து மணிக்கு வரச் சொன்னார். போனேன், வண்டி செல்ஃபில் ஒரே தட்டில் ஸ்டார்ட் ஆனது, புகை இல்லை, சத்தம் இல்லை. எடுத்துவிட்டேன். எட்டாவது நாள் அத்திப்பள்ளியில் லோடோடு ஹீட் ஆகி நின்றது. ஹெட் கேஸ்கெட் போய், ஹெட்டும் வளைந்திருந்தது. நான் வருவதற்கு முன்பே வண்டியை ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

அதற்குப் பிறகு நான் சொல்லாமல் கொள்ளாமல் விடியற்காலையில் போய் நிற்பேன். பானெட்டைத் திறந்து டேப்பட் கவர் (இன்ஜினின் மேல் மூடி) மேல் உள்ளங்கையை வைப்பேன். சில்லென்று இருக்க வேண்டும். வெதுவெதுப்பாக இருந்தால் அன்று பார்க்கமாட்டேன். ஆறிய இன்ஜினில் முதலில் கூலண்ட் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஸ்டார்ட் செய்ததும் விடாமல் குமிழி வந்தாலோ, கேஸ்கெட்டில் கோளாறு. டிப் ஸ்டிக்கில் ஆயில் கறுப்பாக இருப்பது டீசலில் சகஜம். பால் டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, திரும்பி வந்துவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஒருவரைப் பின்னால் நிறுத்திப் புகையைப் பார்க்கச் சொல்லுங்கள். குளிரில் கொஞ்சம் வெள்ளைப் புகை வந்து நின்றால் சரி. நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பத்து நிமிஷம் ஓடியபின், ஐடிலில் (ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல்) இருக்கும்போதே ஆயில் ஊற்றும் மூடியைக் கழற்றி அதே வாயின் மேல் தலைகீழாக வையுங்கள். லேசாக அதிர்ந்தால் பயமில்லை. மூடி தட்டத் தட்டத் துள்ளி, அடியிலிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் பேக் கம்ப்ரஷன் அடிக்கிறது, அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம் கீழே கசிகிறது. ரிங், லைனர் தேய்ந்துவிட்டன, இன்ஜின் வேலை வரப்போகிறது. எந்தப் புரோக்கரின் பேச்சையும்விட நான் நம்புவது இந்த மூடியைத்தான்.

பிஎஸ் 6 (புகை மாசுக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளுக்கு ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2020 ஏப்ரலில் இருந்து புது வண்டிகளுக்கு அந்த விதி வந்தது. டிபிஎஃப் என்ற புகை வடிகட்டி உள்ள வண்டியில், சைலன்சர் பக்கம் இருக்கும் அந்த வடிகட்டியில் கரி சேரும். அது எரிந்து தீர வேண்டுமானால் வண்டி கொஞ்ச தூரம் நல்ல வேகத்தில் போக வேண்டும். ராயக்கோட்டை ரூட்டில் அது தானாக நடந்துவிடுகிறது. சிவாஜிநகருக்குள்ளேயே எட்டு கிலோமீட்டர் சுற்றும் என் நண்பர் வண்டியில் டிபிஎஃப் எச்சரிக்கை விளக்கு அடிக்கடி எரியும். ஞாயிறு காலையில் தேவனஹள்ளி ரோடு வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வருவார். விளக்கு எரிந்தால் கையேட்டில் சொன்னபடி ஓட்டுங்கள், பாதியில் ஆஃப் செய்யாதீர்கள். ஆயிலும் கையேட்டில் சொன்ன தரம்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று மாற்றி ஊற்றினால் அந்த வடிகட்டி சீக்கிரம் அடைத்துவிடும். முழுக்க ஊருக்குள்ளேயே ஓட்டுகிறவர், பாரமும் குறைவென்றால், சிஎன்ஜியையும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம்.

அப்புறம் டர்போ. புகையின் வேகத்தில் சுற்றி இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் பாகம் அது; அதன் பேரிங் தாங்குவது ஆயிலின் தயவில். லோடோடு ஓடி வந்து உடனே சாவியைத் திருப்பினால் ஆயில் ஓட்டம் நின்று, சூட்டில் பேரிங் கருகும். கலாசிபாளையம் வந்ததும் நான் ஹேண்ட் பிரேக் போட்டு, நியூட்ரலில் ஐடிலில் விட்டுவிட்டு, தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்க இறங்குவேன். கடைசி முடிச்சு அவிழ்ந்ததும் வந்து இன்ஜினை நிறுத்துவேன்.