ஒரு லினக்ஸ் கணினியை மூன்று பேர் பகிரும்போது எங்கே இடறுகிறோம்?

ஒரே கணினியில் இரண்டு மூன்று மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மாட்டி ஆளுக்கொரு இருக்கை அமைப்பது லினக்ஸில் பழைய விஷயம். மல்டிசீட் என்பார்கள். சிஸ்டம்டி (கணினியைத் தொடக்கி, பின்னணிச் சேவைகளை நிர்வகிக்கும் நிரல்) உள்ள லினக்ஸில் லாகின்சிடிஎல் என்ற கட்டளையை வைத்தே இருக்கைகளைப் பிரித்துவிடலாம். பணம் மிச்சமாவது உண்மைதான். ஆனால் சிபியு பெட்டியின் விலையை மட்டும் கணக்குப் போட்டு இறங்கினால், மிச்சமானது வேறு வழியில் போய்விடும்.

முதல் இடறல் கிராபிக்ஸ் கார்டு. கார்டில் மூன்று போர்ட் இருக்கிறது, மூன்று பேர் உட்காரலாம் என்று நினைப்போம். சிஸ்டம்டியின் கணக்கு வேறு: ஓர் இருக்கைக்கு ஒரு கிராபிக்ஸ் சாதனம். ஒரே கார்டில் மூன்று மானிட்டர் மாட்டினால் ஒரே ஆளுக்கு மூன்று திரை கிடைக்கும், அவ்வளவுதான். பிராசஸரோடு வரும் கிராபிக்ஸ் ஒருவருக்கு, தனி கார்டு இன்னொருவருக்கு என்று பிரிக்கலாம். தனி கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும் மதர்போர்டுகள் உண்டு. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) போய் அதை மறுபடி இயக்க வேண்டும்.

கீபோர்டு, மவுஸை ஒவ்வொன்றாக இருக்கையோடு இணைக்காதீர்கள். ஆளுக்கொரு யூஎஸ்பி ஹப் கொடுத்து, அந்த ஹப்பை இணைத்துவிட்டால் போதும். நாளைக்கு மவுஸை மாற்றினாலும் புதியது அதே இருக்கைக்கே போகும்.

பெரிய தவறு ரேமில்தான் நடக்கிறது. ஒரே நிரலை மூவர் திறந்தால் அதன் குறியீடு நினைவகத்தில் ஒரு முறைதான் ஏறும், சரி. ஆனால் ஒவ்வொருவரும் திறக்கும் பக்கங்களும் கோப்புகளும் தனித்தனி. உலாவிதான் இதில் பகாசுரன். ஒருவர் நாற்பது டேப் திறந்தால் ஸ்வாப் (ரேம் போதாதபோது வட்டில் எடுத்துக்கொள்ளும் இடம்) நிரம்பி மூன்று திரையும் சேர்ந்தே உறையும். கடைசியில் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் ஏதோ ஒரு நிரலைக் கொன்று இடம் பிடிக்கும். அது தப்பே செய்யாதவரின் வேலையாகவும் இருக்கலாம். ஆகவே வரம்பு வையுங்கள். 16 ஜிபி ரேம், மூன்று பேர் என்றால், சிஸ்டம்டியின் யூசர் ஸ்லைஸ் (ஒரு பயனரின் நிரல்கள் எல்லாம் அடங்கிய தொகுப்பு) அமைப்பில் மெமரிமேக்ஸ் என்ற ரேம் உச்சவரம்பின் மதிப்பை ஆளுக்கு 4 ஜிபி என்று கொடுக்கலாம். மிச்சம் கணினிக்கே வேண்டும். இந்த ஒரு வரியைச் சேர்த்தாலே பாதிச் சண்டை குறையும் என்பது என் கணிப்பு. ஹார்ட் டிஸ்க்குக்கும் கோட்டா, அதாவது ஆளுக்கு இவ்வளவு இடம் என்ற வரம்பு, போட்டுவிடுங்கள். ஒருவர் வட்டை நிரப்பினால் மற்றவரால் லாகின்கூடச் செய்ய முடியாமல் போகலாம்.

வீட்டு ஆட்கள்தானே என்று எல்லாருக்கும் ஒரே பயனர் கணக்கு கொடுப்பது அடுத்த இடறல். ஒரே கணக்கில் இருவர் உட்கார்ந்தால், பயர்பாக்ஸ் ஏற்கெனவே ஓடுகிறது என்று சொல்லி இரண்டாமவரைத் திருப்பி அனுப்பக்கூடும். தனிக்கணக்கு கொடுத்தாலும் எல்லாருக்கும் சுடோ உரிமை (நிர்வாகியாகக் கட்டளை இடும் உரிமை) வேண்டாம். டாக்கர் (நிரல்களைத் தனிப் பெட்டகங்களில் ஓட்டும் கருவி) குழுவில் ஒருவரைச் சேர்ப்பதும் ஏறத்தாழ ரூட் உரிமை, அதாவது முழு நிர்வாகி உரிமை, கொடுப்பதுதான். பலருக்கு இது தெரிவதில்லை. ஹோம் கோப்புறையின் அனுமதியையும் பாருங்கள். உபுண்டுவில் 21.04 பதிப்புக்கு முன்பு உருவாக்கிய கணக்குகளில் அது 755, அதாவது மற்றவர்களும் உள்ளே எட்டிப்பார்க்கலாம். உரியவர் மட்டுமே திறக்கும்படி 700 ஆக மாற்றிவிடுங்கள்.

அப்புறம் பவர் பொத்தான். மெனு வழியாக ஷட்டவுன் கொடுத்தால், வேறு ஆள் உள்ளே இருப்பதைப் பார்த்துப் பெரும்பாலும் கடவுச்சொல் கேட்கும். பொத்தானை அமுக்கினால் அப்படிக் கேட்கும் என்று நம்ப முடியாது. லாகின்டி (லாகின்களையும் இருக்கைகளையும் கவனிக்கும் சிஸ்டம்டி சேவை) அமைப்புக் கோப்பிலும் டெஸ்க்டாப்பின் பவர் அமைப்பிலும் அதைச் செயலிழக்க வைத்துவிட்டு, பெட்டியைக் கால் படாத இடத்தில் வையுங்கள்.