விகிதச் சோதனையில் காரணீயப்பெருக்கங்களைச் சுருக்குவது எப்படி?

முடிவிலித் தொடர் ஒன்றின் உறுப்புகளில் காரணீயப்பெருக்கம் (4! = 1 × 2 × 3 × 4 போன்றது) இடம்பெற்றிருந்தால், அத்தொடர் ஒருங்குமா (அதாவது அதன் கூட்டுத்தொகை ஒரு முடிவுள்ள எண்ணை நெருங்குமா) விரியுமா என்று அறிய முதலில் கையாள வேண்டியது விகிதச் சோதனையே. தொடரின் ந-ஆம் உறுப்பை அ(ந) என்று குறித்துக்கொள்வோம். அ(ந+1)-ஐ அ(ந)-ஆல் வகுத்து வரும் விகிதத்தின் மட்டு மதிப்பு, ந முடிவிலியை நெருங்கும்போது 1-ஐ விடச் சிறிய எல்லையை அடைந்தால் தொடர் ஒருங்கும். அந்த எல்லை 1-ஐ விடப் பெரியதானால் விரியும். சரியாக 1 என்று வந்தால் இச்சோதனையைக் கொண்டு எந்த முடிவுக்கும் வர இயலாது. மாணவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது எல்லை காணும் இடத்தில் அன்று. அதற்கு முன்னுள்ள, வெறும் இயற்கணிதமான சுருக்கும் படியில்தான்.

ந! என்பது 1 முதல் ந வரையுள்ள முழு எண்களின் பெருக்கற்பலன் ஆதலால், (ந+1)! = (ந+1) × ந! ஆகும். தொகுதியில் ஒன்றும் பகுதியில் ஒன்றுமாக இரு காரணீயப்பெருக்கங்கள் நிற்கும்போது, பெரியதை மேலிருந்து ஒவ்வொரு காரணியாகப் பிரித்துக்கொண்டே இறங்கி, சிறியது தோன்றியவுடன் நிறுத்திவிட வேண்டும். இரண்டும் அடிபட்டுப் போக, பிரித்தெடுத்த காரணிகள் மட்டுமே மிஞ்சும். இரண்டையும் 1 வரை விரித்தெழுதுவது வீண் உழைப்பு.

எளிய எடுத்துக்காட்டாக அ(ந) = 2^ந / ந! என்பதைக் கொள்வோம்; இங்கு ^ என்னும் குறி அடுக்கைக் காட்டுகிறது. வகுத்தலைத் தலைகீழாக்கிப் பெருக்கலாக மாற்றிய பின், அடுக்குகளை அடுக்குகளோடும் காரணீயப்பெருக்கங்களைக் காரணீயப்பெருக்கங்களோடும் சேர்த்து எழுதினால், முதல் சோடி 2 என்றும் இரண்டாவது 1/(ந+1) என்றும் சுருங்கும். விகிதம் 2/(ந+1), அதன் எல்லை 0, தொடர் ஒருங்குகிறது.

பிழைகள் மிகுதியாக நேர்வது (2ந)! போன்ற உருவங்களில். ந இருக்கும் இடத்தில் ந+1-ஐப் பிரதியிடும்போது, அடைப்புக்குறியோடு 2(ந+1) என்று முதலில் எழுதி, பிறகே 2ந+2 என்று விரிக்க வேண்டும். அவசரத்தில் (2ந+1)! என்று எழுதிவிட்டால் ஒரு காரணி காணாமற்போய், விடை முழுவதும் தவறாகிவிடும். சரியான வடிவம் (2ந+2)! = (2ந+2)(2ந+1) × (2ந)! என்பதாகும், (3ந)! என்றால் மூன்று காரணிகள் வெளிவரும். (2ந)! என்பதை 2 × ந! என்று கொள்வதும் அடிக்கடி காணப்படும் பிழையே. ந = 3 என்று வைத்துப் பார்த்தால் முன்னது 720, பின்னது வெறும் 12. 1808-இல் கிறிஸ்தியான் கிராம்ப் அறிமுகப்படுத்திய இந்த வியப்புக்குறி எழுதுவதற்கு வசதியானதுதான். ஆனால் தனக்கு உடனே முன்னால் உள்ளதை மட்டுமே அது பற்றுவதால், அடைப்புக்குறியை ஒருபோதும் விட்டுவிடக் கூடாது.

இப்போது அ(ந) = (ந!)² / (2ந)! என்பதைச் சோதிப்போம். தொகுதியிலிருந்து (ந+1)², பகுதியிலிருந்து (2ந+2)(2ந+1) ஆகியவை மிஞ்சுகின்றன. 2ந+2 என்பது 2(ந+1) ஆதலால் ஒரு ந+1 அடிபட, விகிதம் (ந+1) / (2(2ந+1)) ஆகிறது, எல்லை 1/4, தொடர் ஒருங்குகிறது. சுருக்கியது சரிதானா என்று ந = 1 கொண்டு பார்த்துவிடலாம்: அ(1) = 1/2, அ(2) = 1/6, இவற்றின் விகிதம் 1/3; சுருக்கிய வடிவமும் 1/3 தருகிறது. அரை நிமிடச் சரிபார்ப்புதான், ஆயினும் இதைத் தவிர்க்காமல் செய்யுமாறு வலியுறுத்துவேன்.

அ(ந) = ந! / ந^ந என்பதில் வேறொரு கண்ணி இருக்கிறது. (ந+1)^(ந+1) என்பதிலிருந்து ஒரு ந+1-ஐப் பிரித்தால், அது தொகுதியில் வெளிவந்த ந+1-உடன் அடிபட்டு, விகிதம் (ந/(ந+1))^ந என்று நிற்கும். அடைப்புக்குள் இருப்பது 1-ஐ நெருங்குவதால் எல்லையும் 1 என்று முடிவுசெய்வது தவறு, ஏனெனில் அடுக்கும் உடன் வளர்கிறது. இதை 1 / (1 + 1/ந)^ந என்று மாற்றி எழுதினால், பகுதி இயல் மடக்கையின் அடிமானமான 2.718…-ஐ நெருங்குவது தெரியும். எல்லை ஏறத்தாழ 0.368, எனவே தொடர் ஒருங்குகிறது.

1·3·5···(2ந−1) போன்ற ஒற்றை எண் பெருக்கங்களில், அடுத்த உறுப்பில் கூடுதலாக வருவது 2ந+1 என்னும் ஒரே காரணிதான்.

எல்லை 1 என்று வரும்போதும் சுருக்கிய விகிதம் பயனற்றுப் போவதில்லை. அ(ந) = (2ந)! / (4^ந (ந!)²) என்பதில் விகிதம் (2ந+1)/(2ந+2) ஆகிறது, எல்லை 1 ஆதலால் சோதனை கைவிட்டுவிடுகிறது. ஆனால் இவ்விகிதம் 2ந/(2ந+2), அதாவது ந/(ந+1) என்பதை விடப் பெரியது. ஆகவே (ந+1) × அ(ந+1) என்பது எப்போதும் ந × அ(ந)-ஐ விடப் பெரிதாக இருக்கும். அ(1) = 1/2 என்பதால், எல்லா ந-க்கும் அ(ந) குறைந்தது 1/(2ந) ஆகும். 1/ந-களின் கூட்டுத்தொடர் விரிவதால், ஒப்பீட்டுச் சோதனைப்படி இத்தொடரும் விரிகிறது.