உயரம், தூரம் கணக்கு: சறுக்கும் இடம் பின்னத்தில்தான்

பத்தாம் வகுப்பு முக்கோணவியலில் உயரம், தூரம் கணக்குகளில் மதிப்பெண் போவது பெரும்பாலும் டான், சைன் தெரியாததால் அல்ல. பின்னத்தைக் கழிக்கத் தெரியாததால். ஒரு கணக்கை முழுசாகப் போட்டுப் பார்ப்போம்.

மெரினா மணலில் நிற்பவருக்குக் கலங்கரை விளக்கத்தின் உச்சி 30° ஏற்றக்கோணத்தில் (கண்மட்டக் கிடைக்கோட்டிலிருந்து மேல்நோக்கி அளக்கும் கோணம்) தெரிகிறது. கோபுரத்தை நோக்கி நேராக 50 மீட்டர் நடந்ததும் அது 60° ஆகிறது. கண்மட்டம் தரையிலிருந்து 1.5 மீட்டர். கோபுரத்தின் உயரம் என்ன? (கோணமும் தூரமும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை.)

முதலில் படம். ஸ்கேல் வைத்து, அரைப் பக்கத்துக்குப் பெரிதாக. தரையில் அல்ல, கண்மட்டத்தில் கிடைக்கோடு போடுங்கள். தள்ளி நிற்கும் இடத்தில் சின்னக் கோணம், கிட்டே பெரிய கோணம். இது மாறியிருந்தால் மேலே போகாமல் படத்தைத் திருத்துங்கள். கண்மட்டத்துக்கு மேலே உள்ள உயரம் 'உ', கிட்ட இருக்கும் இடத்திலிருந்து கோபுரத்துக்குத் தூரம் 'த'. கர்ணத்தை (சாய்ந்த பக்கத்தை) தரவும் இல்லை, கேட்கவும் இல்லை; அதனால் டான் (எதிர்ப்பக்கம்/அடுத்துள்ள பக்கம்) போதும்.

டான் 60°: உ/த = √3. எனவே த = உ/√3
டான் 30°: உ/(த + 50) = 1/√3. எனவே த + 50 = √3 உ

இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால்: √3 உ − உ/√3 = 50

இங்கேதான் பலர் (√3 − 1)உ/√3 என்று எழுதிவிடுகிறார்கள். 5 − 1/5 எவ்வளவு என்று கேட்டால் 4/5 என்று சொல்வோமா? விடை 5-ஐ ஒட்டி வர வேண்டும்; 25/5 − 1/5 = 24/5. அதே வேலைதான் இங்கும். முதல் உறுப்பின் பகுதி (கீழே உள்ள எண்) 1. அதை √3 ஆக்க, மேலும் கீழும் √3-ஆல் பெருக்குங்கள்.

3உ/√3 − உ/√3 = 2உ/√3 = 50
உ = 50 × √3/2 = 25√3

√3-க்கு 1.732 என்று போடுவது இந்தக் கடைசி வரியில் மட்டும். 1.7 என்று சுருக்கினால் 42.5 வரும், சரியான விடை 43.3. கிட்டத்தட்ட ஒரு மீட்டர் போய்விடுகிறது! பிறகு பலரும் மறப்பது கண்மட்டத்தை: 43.3 + 1.5 = 44.8 மீட்டர். நிஜக் கோபுரம் சுமார் 46 மீட்டர், அதனால் விடை நம்பும்படி இருக்கிறது. 15 என்றோ 130 என்றோ வந்தால் பின்னத்தைத் திரும்பப் பாருங்கள்.

சரிபார்க்க அழகான குறுக்குவழி ஒன்று உண்டு. உச்சியில் இரண்டு பார்வைக்கோடுகளுக்கு இடையே உள்ள கோணம் 60° − 30° = 30°; தள்ளி நிற்கும் இடத்திலும் அதே 30°. ஆக, இரண்டு இடங்களும் உச்சியும் சேர்ந்த முக்கோணம் இருசமபக்க முக்கோணம். கிட்டே நிற்பவரிடமிருந்து உச்சிக்குச் சாய்தூரமும் 50 மீட்டர்தான். 50 × சைன் 60° = 25√3. அதே விடை.

இறக்கக்கோணம் வந்தால் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அது உச்சியில் போடும் கிடைக்கோட்டிலிருந்து கீழ்நோக்கி அளப்பது, கோபுரச் சுவரிலிருந்து அல்ல. 45 மீட்டர் உயரத்திலிருந்து படகு 30° இறக்கக்கோணத்தில் தெரிந்தால் தூரம் 45√3, அதாவது சுமார் 78 மீட்டர். கோணத்தைச் சுவரோடு ஒட்டிக் குறித்தால் 26 தான் வரும்.