ஓர் எழுத்தை மாற்றிப் பாருங்கள்: சடுதிமாற்றம் உடலில் பண்பாக வெளிப்படும் விதம்

தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள். சடுதிமாற்றம் என்பது டிஎன்ஏ எழுத்துகளில் நேரும் மாற்றம். அதைப் படித்துப் புரிந்துகொள்வதைவிட எழுதிப் பார்த்துப் புரிந்துகொள்வது எளிது.

படி 1: வரிசையை எழுதுங்கள்

சிசிடி – ஜிஏஜி – ஜிஏஜி – ஏஏஜி – டிசிடி

நம் 11-ஆவது குரோமோசோமில் உள்ள பீட்டா குளோபின் மரபணுவின் சிறு துண்டு இது. ஏ, டி, ஜி, சி என்பவை டிஎன்ஏ-வின் நான்கு எழுத்துகள். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் இருக்கும் பீட்டா சங்கிலிக்கான குறிப்பு இந்த மரபணுவில்தான் உள்ளது. செல் இதை மும்மூன்று எழுத்தாகப் படிக்கும். ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம்; அவை கோத்த சங்கிலிதான் புரதம். ஆகவே: புரோலின், குளுட்டாமிக் அமிலம், மறுபடியும் குளுட்டாமிக் அமிலம், லைசின், செரின். முதல் ஜிஏஜி, சங்கிலியின் 6-ஆவது இடம். அதில் மட்டும் கைவைப்போம்.

படி 2: ஒவ்வொன்றாக மாற்றுங்கள்

ஜிஏஜி-யை ஜிஏஏ ஆக்குங்கள். அதற்கும் குளுட்டாமிக் அமிலம்தான். எழுத்து மாறியும் புரதம் மாறவில்லை.

ஏஏஜி ஆக்கினால் அங்கே லைசின் வரும். இதற்கு ஹீமோகுளோபின் சி என்று பெயர். தாய், தந்தை இருவரிடமிருந்தும் இது வந்தவருக்குப் பெரும்பாலும் லேசான சோகைதான்.

இப்போது நடுவிலுள்ள ஏ-யை அடித்துவிட்டு, மிச்சத்தை மும்மூன்றாகப் பிரியுங்கள்: ஜிஜிஜி, ஏஜிஏ, ஏஜிடி... அடுத்து வரும் அமினோ அமிலங்கள் எல்லாமே தடம்புரண்டுவிட்டன. உருப்படியான சங்கிலி உருவாகாது. பீட்டா தலசீமியா என்ற பரம்பரைச் சோகைக்கு இப்படியும் வழி உண்டு.

கடைசியாக, அதே ஏ-யை டி ஆக்குங்கள்: ஜிடிஜி. குளுட்டாமிக் அமிலம் இருந்த இடத்தில் வேலின். கதிர் அரிவாள் சோகையின் வேர் இதுதான். 1950-களில் வெர்னான் இங்கிராம் இந்த ஒற்றை வேறுபாட்டைக் கண்டுபிடித்தார்.

படி 3: வேலினைப் பின்தொடருங்கள்

அவசரப்படாமல் படிக்கவேண்டிய இடம் இது. குளுட்டாமிக் அமிலம் மின்சுமை கொண்டது, தண்ணீரோடு ஒத்துப்போவது. வேலின் தண்ணீரை ஒதுக்குவது. ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும், இந்த வேலின் பக்கத்து மூலக்கூறில் உள்ள ஒரு பள்ளத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட இழைகளாகிவிடும். அந்த இழைகள் சிவப்பணுவை உள்ளிருந்து நெட்டித்தள்ள, அது அரிவாள்போல் வளைகிறது. வளைந்த அணு நுண்குழாய்களில் சிக்கிக்கொள்வதால் கடும் வலி. 120 நாள் வாழவேண்டிய அணு 10–20 நாளில் அழிவதால் சோகை.

படி 4: எத்தனை பிரதி, எந்த ஊர்?

மேலே சொன்ன துன்பம் இரண்டு பிரதிகளும் மாறியவருக்கு. ஒன்று மட்டும் மாறியவர் ‘தாங்கி’; பெரும்பாலும் நலமாகவே இருப்பார். அதோடு, கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்குப் பாதுகாப்பும் கிடைக்கிறது. ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆந்தனி அலிசன் 1954-இல் இதை எடுத்துக்காட்டினார். மலேரியா இல்லாத ஊரில் இந்த மாற்றத்தால் ஆதாயம் இல்லை; மலேரியா மிகுந்த ஊரில் அது தலைமுறைகளாக நிலைத்துவிடுகிறது. சடுதிமாற்றம் நல்லதா கெட்டதா என்று மொட்டையாகக் கேட்பது பயனற்றது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். இந்தியாவில் இது முதலில் அறிவிக்கப்பட்டது நம் நீலகிரிப் பழங்குடியினரிடம், 1952-இல்.

படி 5: கட்டம் போடுங்கள்

இயல்பான பிரதிக்கு ‘ஏ’, மாறியதற்கு ‘எஸ்’. (இந்த ஏ, டிஎன்ஏ எழுத்து அல்ல.) தாய் தந்தை இருவரும் ஏஎஸ் என்றால் நான்கு கட்டங்களில் விழுவது: ஏஏ, ஏஎஸ், ஏஎஸ், எஸ்எஸ். நோய்க்கான வாய்ப்பு 25 சதவீதம். நான்கு பிள்ளைகளில் ஒன்றுக்கு நோய் என்று இதற்குப் பொருள் இல்லை. ஒவ்வொரு கருவிலும் அதே 25 சதவீதம் புதிதாகத் தொடங்கும். தாங்கியா என்பதை ரத்தப் பரிசோதனையிலேயே கண்டறியலாம். குடும்பத்தில் யாருக்கேனும் இந்த நோய் இருந்தால் திருமணத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்து ஒருவர் ஏஏ, மற்றவர் ஏஎஸ் என்று நீங்களே கட்டம் போடுங்கள். எஸ்எஸ் எங்கும் வராது. பாதிக் கட்டங்களில் ஏஎஸ் நிற்கும்.